முத்தமிழ் வளாகத்தின் முதலாவது பேய் விழா

இது 2003ஆம் ஆண்டில் நடந்ததா 2004ஆம் ஆண்டில் நடந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று மண்டபத்தில் எத்தனை பேய்கள் நின்றன என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. தலைவர் யோகலிங்கம் எவ்வளவு நேரம் பேசினார் என்று கேட்டால் இருந்தவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். இடையில் உறங்கி எழுந்தவர்களின் கணக்கை நம்புவதற்கில்லை. ஆகவே இந்தக் கதை தயாளினி கண்டபடி சொல்லப்படுகிறது. அவள் அதிகம் பேசாதவள். திரும்பத் திரும்பச் சொல்லித் தேயாத நினைவு என்பதால், மற்றவர்களுடையதைவிட அவளுடைய நினைவு கொஞ்சம் நல்ல நிலையில் இருக்கும் என்று நினைக்க இடமுண்டு.

கிழக்கு லண்டனில், பிளேஸ்டோ என்ற இடத்தில், கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு மண்டபம் இருந்தது. வெள்ளி மாலையில் அங்கே கராத்தே நடக்கும். சனி பிற்பகல் முதியவர்கள் பிங்கோ விளையாடுவார்கள். இரண்டுக்கும் நடுவே, சனிக்கிழமை காலையில் மட்டும், அது பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் முத்தமிழ் வளாகமாக இருக்கும். வளாகம் என்று சொல்லக்கூடியதாக அங்கே இருந்தவை ஒரு கூடம், சமைக்க ஒரு குசினி, இரண்டு கழிப்பறைகள், ஒரு இரும்பு அலுமாரி. ஆனால் பதவிகளுக்குக் குறைவில்லை. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், போசகர், பண்பாட்டுப் பொறுப்பாளர், ஒலிபெருக்கிப் பொறுப்பாளர் என்று போய்க்கொண்டே இருக்கும். பிள்ளையைத் தமிழ் படிக்கக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் கொஞ்சம் அசந்தால் ஒரு பதவியோடுதான் வீட்டுக்குப் போவார்கள். தயாளினிக்கு அப்படிக் கிடைத்தது நூலகப் பொறுப்பாளர் பதவி. அலுமாரிச் சாவியை யாராவது வைத்திருக்க வேண்டுமே.

அவள் ஒல்லாந்திலிருந்து வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சலவைக் கடையில் வேலை. வேலை, சமையல் தவிர்ந்த நேரமெல்லாம் பேய்க்கதை வாசிப்பாள். தமிழில், டச்சில், ஆங்கிலத்தில், எதில் கிடைத்தாலும் வாசிப்பாள். மற்றவர்கள் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் போல அவள் ஒரு பேய்க்கதையின் முன் இருப்பாள். பயம் என்பது ஒருவர் தனியாக, சத்தமில்லாமல், முழுதாக அனுபவிக்க வேண்டிய விஷயம் என்பது அவளுடைய எண்ணம். அந்த எண்ணத்தை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அவசியம் வரவில்லை.

அலுமாரியின் மேல்தட்டுகளில் வளாகத்தின் ஆண்டு மலர்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் முதற்பக்கத்தில் யோகலிங்கத்தின் படமும், இரண்டாம் பக்கத்தில் அவருடைய வாழ்த்துச் செய்தியும், மூன்றாம் பக்கத்தில் அந்த வாழ்த்துக்கு அவர் சொன்ன நன்றியும் இருக்கும். அவற்றை ஒருவரும் இரவல் வாங்கியதில்லை. கீழ்த்தட்டு வெறுமையாகக் கிடந்ததால் தயாளினி தன்னுடைய பேய்க்கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒற்றை அறை வீட்டில் அவற்றுக்கு இடம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய மகள் கோசிகா டச்சு வாடை அடிக்கும் ஆங்கிலம் பேசுவாள். அதனால் இடைவேளைகளில் ஒருவரும் அவளோடு சேருவதில்லை. சுவரோரம் இருந்த ஹீற்றரில் சாய்ந்துகொண்டு தனியாக நிற்பாள். கீழ்த்தட்டு நிரம்பிய பிறகு ஒருநாள், மழைக்கு வெளியே போக முடியாமல் நின்ற நாலைந்து பிள்ளைகளுக்கு அவள் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினாள். அடுத்த கிழமை ஹீற்றரைச் சுற்றி இடமில்லை. பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் வயிற்றுவலி வருகிற பையன்கள் வரிசையில் நின்று, "அன்ரி, கபாலம் எண்டா ஸ்கல்லோ? முழு ஸ்கல்லோ, அரைவாசியோ?" என்று கேட்டார்கள். கோசிகாதான் புத்தகம் எடுத்துக் கொடுப்பாள். சனிக்கிழமை விடிந்தால் அவளே முதலில் எழும்பிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தகப்பனார் முறைப்பாடு செய்தார். இரவுச் சாப்பாட்டு மேசையில் அவருடைய மகன், "அப்பா, பிரேதத்துக்கு நகம் வளருமோ?" என்று கேட்டானாம். அந்தப் பையன் வீட்டில் முழுதாகப் பேசிய முதலாவது தமிழ் வாக்கியம் அது. தகப்பனாருக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணை, பேய் வேடம் போடும் ஹலோவீனுக்கு முந்திய வியாழக்கிழமை மாலை, யோகலிங்கத்தின் வீட்டு வரவேற்பறையில் நடந்தது. சோபாவில் தலைவர். அவருக்குப் பக்கத்தில் பண்பாட்டுப் பொறுப்பாளர் சரோஜினி ரீச்சர். எதிரே சாப்பாட்டு மேசையிலிருந்து கொண்டுவந்து போட்ட கதிரையில் தயாளினி. ரீச்சரின் மடியில் கீழ்த்தட்டுப் புத்தகங்களில் ஒன்று இருந்தது. அட்டையில் இருந்த பெண்ணின் தலைமயிர் தெரியாதபடி அவர் அதன்மேல் முகம் துடைக்கும் கைலேஞ்சியைப் போட்டிருந்தார்.

"தயாளினி, நான் உம்மட்ட நேர ஒண்டு கேக்கிறன்," என்றார் ரீச்சர். "இந்தப் புத்தகங்களில ஒழுக்கமான பேய் ஒண்டாவது இருக்கோ?"

தயாளினி கேள்வியை மதித்து யோசித்தாள்.

"ஒண்டு இருக்கு ரீச்சர். அது வெள்ளிக்கிழமையில ஒருத்தரையும் பிடிக்காது."

ரீச்சர் தலைவரைப் பார்த்தார். தலைவர் யன்னலைப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்கட சமூகம் எத்தினையோ பிரச்சினையளுக்கு முகம் குடுத்துக்கொண்டு நிக்குது," என்றார் யோகலிங்கம். "வதிவிடப் பிரச்சினை, வேலைப் பிரச்சினை, பிள்ளையளின்ர பிரச்சினை. இதுக்குள்ள பேயும் தேவையோ?"

"பிள்ளையள் வாசிக்கினம் அண்ணை."

"வாசிக்கிறதுதான் பிரச்சினை. ஆண்டு மலரால இவ்வளவு காலத்தில ஒரு முறைப்பாடு வந்திருக்கோ?"

கீழ்த்தட்டை வரும் சனிக்கிழமையே காலிசெய்து, புத்தகங்களை மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும் மறுசுழற்சித் தொட்டியில் போடுவதென்று தீர்மானம் வாசிக்கப்பட்டது. ரீச்சர் வழிமொழிந்துகொண்டிருக்கையில் அழைப்புமணி அடித்தது. செயலாளர் கஸ்பர் நனைந்த குடையோடு உள்ளே வந்தார்.

"அண்ணை, ஒரு சின்னச் சிக்கல். கவுன்சில் ஜனட் சனிக்கிழமை வாறாவாம். எங்கட ஹலோவீன் பார்ட்டி பாக்க."

"ஆற்ற பார்ட்டி?"

"எங்கட."

"நாங்கள் பார்ட்டி வைக்கிறமோ?"

"நீங்கள்தான் ஓம் எண்டு சொன்னனீங்களாம். போன மாதம் அவ தேத்தண்ணி குடிக்க வந்த நேரம்."

யோகலிங்கம் கண்ணை மூடி அந்தத் தேத்தண்ணியை நினைவுக்குக் கொண்டுவந்தார். மண்டபங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஜனட், அயலவர்களையும் சேர்த்து ஏதாவது செய்யலாமே என்று கேட்டது உண்மை. கவுன்சில் சஞ்சிகைக்காரரும் வந்து படம் எடுப்பார் என்று சொன்னதும் உண்மை. படம் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லியிருந்தார்.

"படம் எடுப்பினம் எண்டவ. அதுக்குத்தான் நான் தலையாட்டினனான்."

"அவ போய் ரிப்போட் எழுதித்தான் அண்ணை அடுத்த வருசத்துக்கு ஹோல் தருவினம்," என்றார் கஸ்பர். "இல்லையெண்டா கராத்தேக்காரர் சனியையும் எடுத்திடுவினம். அவை ஏற்கெனவே கேட்டு வைச்சிருக்கினம்."

யன்னலில் மழை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தயாளினிக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நீடிக்கவில்லை.

"ஆருக்குப் பேயைப் பற்றித் தெரியும்?" என்று கேட்டார் தலைவர்.

எல்லோரும் எதிர்க் கதிரையைப் பார்த்தார்கள்.

"நீர் இதை நல்லபடியா ஒப்பேத்திவிட்டால் தங்கச்சி, கீழ்த்தட்டைப் பற்றி நாங்கள் யோசிக்கலாம்."

"யோசிக்கிறது எண்டால், அண்ணை?"

"இருக்கட்டும் எண்டு யோசிக்கிறது."

குற்றவாளியாக வந்த தயாளினி, தேத்தண்ணி வருவதற்கு முன்பே பேய் விழா அமைப்பாளர் ஆகிவிட்டாள்.

ஒரு நாளில் வேடம் செய்ய வேண்டும். தயாளினி தனக்குத் தெரிந்ததில் சுலபமானதைச் சொன்னாள். வெள்ளைத் துணியில் இரண்டு ஓட்டை போட்டுத் தலையால் கவிழ்த்தால் அது பேய். எல்லார் வீட்டிலும் வெள்ளை வேட்டி இருக்கும்தானே என்றாள்.

சரோஜினி ரீச்சர் நிமிர்ந்தார். "வேட்டியில ஓட்டை போடுறதும் இனத்தில ஓட்டை போடுறதும் ஒண்டு."

"அப்ப கட்டில் விரிப்பு?"

"எங்கட வீட்டில எல்லாம் ரோசாப்பூப் போட்டது," என்றார் கஸ்பர்.

"பூப்போட்ட பேய் வேண்டாம்," என்றார் தலைவர். "பேய்க்கு எண்டு ஒரு கண்ணியம் இருக்கு."

நீண்ட விவாதத்தின் பின் வேட்டி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஓட்டை ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

"கண் தெரியாமல் பிள்ளையள் எப்பிடி நடக்கிறது?" என்று தயாளினி கேட்டாள்.

"வரிசையா நடக்கட்டும். முன்னுக்குப் போற பேயின்ர தோளில பின்னுக்கு வாற பேய் கை வைக்கட்டும்."

"முதலாவதாப் போற பேய்?"

"அதுக்கு ஒரு ஆசிரியரைப் போடுவம்."

மோகினிப் பேய்க்கு ரீச்சர் நிபந்தனையோடு அனுமதி தந்தார். தலைவிரி கோலமாக ஒரு பெண்பிள்ளையும் மேடையேறக் கூடாது. இரட்டைப் பின்னல் பின்ன வேண்டும். பேய் என்பதைக் காட்ட றிபன் கறுப்பாக இருக்கலாம். கொள்ளிவாய்ப் பிசாசை, மண்டபத்தின் தீ விதிகளைக் காரணம் காட்டிக் கஸ்பர் நீக்கினார். இரத்தத்துக்குக் குங்குமம் கரைப்பது மங்கலப் பொருளை அவமதிப்பதாகும் என்பதால் தக்காளி சோஸ் தீர்மானமாயிற்று. மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்த கஸ்பர், கழிப்பறைத் தாள் சுருள்கள் கொண்டுவந்து பிள்ளைகளைச் சுற்றினால் எகிப்து மம்மி ஆகிவிடும் என்றார். அந்நியப் பேயாயிற்றே என்று ரீச்சர் தயங்கினார். தலைவர் அவரைச் சமாதானப்படுத்தினார்.

"பழைய காலத்தில எங்கட ஆக்கள் எகிப்தில போய் வியாபாரம் செய்தவை. அந்த வகையில பார்த்தால் அதுவும் எங்கட பேய்தான்."

எஞ்சியது இரத்தக்காட்டேரி. அதற்கு ஒரு நீண்ட போர்வை வேண்டும். அப்போது கஸ்பருக்குப் பொன்னாடைகள் ஞாபகம் வந்தன. வளாகத்திடம் ஒரு பயணப்பை நிறையப் பொன்னாடைகள் இருந்தன. விழாவில் ஒரு பிரமுகருக்குப் போர்த்தினால், அவர் மேடையிலிருந்து இறங்கிச் சிற்றுண்டிப் பக்கம் போகிறபோது கஸ்பர் பின்னால் போய், "ஐயா, பாரமா இருக்கும், தாங்கோ," என்று வாங்கி மடித்து வைத்துவிடுவார். அடுத்த விழாவில் அடுத்த பிரமுகருக்கு அதையே போர்த்துவார்கள். கிழக்கு லண்டனில் பெரிய மனிதர் என்று சொல்லக்கூடிய எல்லோருடைய தோள்களையும் அந்தத் துணிகள் அறியும். கருஞ்சிவப்பில் சரிகைக் கரை. காட்டேரிக்கு அதைவிடப் பொருத்தமான உடை ஒரு கடையிலும் கிடைத்திராது.

அன்று வீட்டுக்கு வந்ததும் தயாளினி மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். கோசிகா கால்களைக் கட்டிலில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"புக்ஸ அவை எறிஞ்சினமெண்டால் நான் சற்றர்டே வரமாட்டன் அம்மா. ஹீற்றருக்குப் பக்கத்தில திரும்பவும் போய் நிக்க என்னால ஏலாது."

"எறியாமல் இருக்கத்தானே இது."

"அப்ப நானும் ஒரு கதை சொல்லவோ? எல்லாருக்கும்?"

தயாளினி அடுத்தநாள் கஸ்பருக்குத் தொலைபேசி எடுத்தாள். நிகழ்ச்சி நிரலில் கோசிகாவின் கதைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது, நன்றியுரைக்குச் சற்று முன்பாக.

சனிக்கிழமை யன்னல்களைக் கறுப்புக் குப்பைப் பைகளால் மூடி ஒட்டினார்கள். ஹீற்றர்கள் முழுமூச்சில் எரிந்தன. வேட்டிப் பேய்கள் ஒன்றன் தோளில் ஒன்று கை வைத்துக் குசினிப் பக்கமாக வந்து நின்றன. இரட்டைப் பின்னல் மோகினிகள் தங்களுக்குள் சிரித்தன. மம்மிகள் உட்காரப் பயந்து சுவரோரம் நின்றன. காட்டேரிகள்தான் பெருமையோடு இருந்தன. பொன்னாடை நிலத்தில் இழுபட இழுபட அவை கூடத்தை அளந்து திரிந்தன. தயாளினிக்கே அந்தக் காட்சி பிடித்திருந்தது. இவ்வளவையும் ஒரே நாளில் செய்தோமா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள்.

சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தவர் ஜனட் ஒருவர்தான். சூனியக்காரியின் கூரான கறுப்புத் தொப்பி போட்டு, மூக்கில் ஒரு பிளாஸ்டிக் மருவும் ஒட்டியிருந்தார். அவரோடு சஞ்சிகைப் படப்பிடிப்பாளர். அயலவர் சிலரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மற்றப் பிரமுகர்கள் வந்து சேரும் வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். வேட்டிகளுக்குள் காத்திருந்தவர்களும் அதில் அடக்கம்.

முதலில் மங்கல விளக்கேற்றல்.

"விளக்கேத்தேக்க அவவின்ர தொப்பியைக் கழட்டச் சொல்லலாமோ?" என்று ரீச்சர் தயாளினியின் காதில் கேட்டார்.

"அது வேசம், ரீச்சர்."

"அப்ப மூக்கில?"

"அதுவும்."

சூனியக்காரி குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றினார். பின்னர், இறந்தவர்களை நினைத்து எழுந்து நின்று அகவணக்கம். பின்னர் தமிழ் வாழ்த்து. பின்னர் வரவேற்பு நடனம் என்று பரதநாட்டியம். பின்னர் கஸ்பரின் வரவேற்புரை. வந்திருந்தவர்களைப் பெயர் சொல்லி வரவேற்ற அவர், வர முடியாமற்போனவர்களையும் பெயர் சொல்லி வரவேற்றார். அதன் பின் பிரமுகர்களைக் கௌரவிக்கும் கட்டம் வந்தது. கஸ்பர் வழக்கம்போல மேடைக்குப் பின்னால் போய்ப் பயணப்பையைத் திறந்தார். பை வெறுமையாக இருந்தது.

அவர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு சுவரோரம் நின்ற காட்டேரிகளில் சின்னதைத் தெரிந்தெடுத்தார்.

"தம்பி, இதை ஒருக்காத் தாரும். பிறகு தாறன்."

சின்னக் காட்டேரியின் பொன்னாடை ஜனட்டின் தோளுக்குப் போயிற்று. கைதட்டல் எழுந்தது. அடுத்தது நகைக்கடை முதலாளி. அடுத்தது காப்புறுதி முகவர். அடுத்தது சிங்கப்பூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு கணக்காளர். ஒவ்வொரு பெயரும் ஒலிபெருக்கியில் வரவர ஒவ்வொரு காட்டேரியாகச் சாதாரணப் பிள்ளையாகிக்கொண்டு வந்தது. கடைசிக் காட்டேரி மட்டும் பொன்னாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றது.

"இது தலைவருக்கு. விடும் தம்பி," என்றார் கஸ்பர். அதுவும் விட்டது.

முன்வரிசை முழுவதும் கருஞ்சிவப்புப் போர்வைகள். சுவரோரம் வெள்ளைச் சேர்ட்டும் தக்காளி சோஸ் வழிந்த வாயுமாக, பசிவந்த பிள்ளைகள்.

யோகலிங்கம் தலைமையுரைக்கு எழுந்தார். பேச்சைப் பார்த்து வாசிப்பதற்காக மேசையில் வைத்திருந்த சின்ன விளக்கு அவருடைய முகத்தில் கீழிருந்து வெளிச்சம் அடித்தது.

"அன்பார்ந்த தமிழ் நெஞ்சங்களே," என்று தொடங்கினார். "பேய் என்றால் என்ன? போக வேண்டிய காலம் வந்த பிறகும் இடத்தை விட்டுப் போக மனமில்லாமல் நிற்பதுதான் பேய். இந்த வளாகம் தொடங்கிய நாள் முதல் அதன் தலைவராகத் தொடர்ந்து நின்றுகொண்டிருப்பவன் என்ற வகையில் நான் இதை ஆழமாக உணர்ந்திருக்கிறேன்."

முன்வரிசை கைதட்டியது.

"பேய்க்குக் கால் நிலத்தில் படாது என்பார்கள். என்னுடைய பணியும் அப்படிப்பட்டதே. பேய் எதையும் கேளாமல் எடுத்துக்கொள்ளும் என்பார்கள். இந்தப் பதவியை நானும் ஒருபோதும் கேட்டதில்லை. இன்றைய இளம் சமுதாயத்தைப் பார்த்து நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் ஏன் தமிழில் பேசுவதில்லை?"

"எனக்கு மூச்சு முட்டுது," என்று ஒரு வேட்டிக்குள்ளிருந்து தமிழில் பதில் வந்தது.

"பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது," என்றார் தலைவர்.

பேச்சு எகிப்துக்குப் போய், அங்கே தமிழரின் வணிகத்தைப் பார்த்துவிட்டு, வளாகத்தின் ஆரம்ப வரலாற்றுக்குத் திரும்பியது. இதற்கிடையில் கழிப்பறைகளில் தாள் முடிந்துபோயிற்று. அதன் பிறகு மம்மிகள் மெலியத் தொடங்கின. யார் கழிப்பறைக்குப் போனாலும் போகிற வழியில் பக்கத்து மம்மியிடம் கொஞ்சம் கிழித்துக்கொண்டு போனார்கள். வேட்டிப் பேய்களில் ஒன்று நின்றபடியே உறங்கி முன் பேயின்மேல் சாய, வரிசை முழுவதும் குசினிக்குள் மெதுவாகச் சரிந்தது. முன்வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பொன்னாடை நழுவும்.

தயாளினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கோசிகா ஹீற்றருக்குப் பக்கத்தில் தனியாக நின்று தன் கதையை உதட்டால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிங்கோக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்ட சத்தம் கேட்டது.

ஜனட் மட்டும் கண் கொட்டாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் கண்டது இதுதான்: அரையிருட்டில் பிள்ளைகளிடமிருந்து ஒவ்வொன்றாகப் போர்வைகள் பறிக்கப்படுகின்றன. அவற்றைப் போர்த்திக்கொண்டு பெரியவர்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கும் ஒருவர் கைகளை விரித்து ஓயாமல் முழங்க முழங்கப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுகிறார்கள். அவர் தயாளினியின் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"எவ்வளவு நுட்பமான நாடகம். அவர் எப்போது கடிக்கப்போகிறார்?"

தயாளினி மேடையைப் பார்த்தாள்.

"அதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது," என்றாள்.

ஜனட் தலையசைத்தார். பிறகு எழுந்து மேடைக்குப் போனார். தலைவர் மூச்செடுக்க நிறுத்திய ஒரு இடத்தில் ஒலிவாங்கியை மிகுந்த மரியாதையோடு வாங்கிக்கொண்டார். தான் பல வருடங்களாகப் பல ஹலோவீன் விழாக்களுக்குப் போயிருப்பதாகவும், கடையில் வாங்கிய முகமூடி ஒன்றும் இல்லாமல், வெறும் நடத்தையாலேயே இப்படி ஒரு பயங்கரத்தை உண்டாக்கியதை முதன்முறையாகப் பார்ப்பதாகவும் சொன்னார். மிகப் பயங்கரமான வேடத்துக்கான முதற்பரிசு யோகலிங்கத்துக்கு. பரிசு, பூசணிக்காய் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் இனிப்புகள்.

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. கஸ்பர் சுவரைப் பார்த்தார். தயாளினிக்குக் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் தொட்டிக்குள் விழும் சத்தமே கேட்பதுபோல் இருந்தது. ஆனால் படப்பிடிப்பாளர் முழங்காலில் நின்று கமராவைத் தூக்கினார். யோகலிங்கம் கமராவைக் கண்டார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு வாளியை நெஞ்சோடு அணைத்தார்.

"இந்தப் பரிசு எனக்குரியதல்ல," என்றார் கமராவைப் பார்த்து. "இது தமிழுக்குக் கிடைத்த பரிசு."

அதோடு மண்டபக் காவலாளி நேரம் முடிந்தது என்பதற்கு அடையாளமாக விளக்குகளை அணைத்தார். தலைவரின் மேசை விளக்கும் அதே இணைப்பில் இருந்தது. குத்துவிளக்கு எண்ணெய் தீர்ந்து முன்பே அணைந்திருந்தது. குப்பைப் பைகள் ஒட்டிய யன்னல்கள் சொட்டு வெளிச்சமும் விடவில்லை. கதிரைகள் உரசின. யாரோ ஒரு குழந்தை விம்மத் தொடங்கியது. அப்போது ஹீற்றர்ப் பக்கமிருந்து கோசிகாவின் குரல் வந்தது.

"அந்த வீட்டில ஆளே இல்லை. ஆனா ஒவ்வொரு நாளும் ஆரோ உள்ளுக்கிருந்து கதவைப் பூட்டுறது."

விம்மல் நின்றது. கதிரைச் சத்தமும் நின்றது. அவள் அவசரப்படாமல் சொன்னாள். ஒரு வாக்கியம் முடிந்தால் கொஞ்சம் பொறுத்தே அடுத்ததைத் தொடங்கினாள். அந்தப் பொறுத்தல்களில் நூறு பேர் மூச்சுவிடுவது கேட்டது. தயாளினி கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருட்டில் இருந்தாள். அந்தக் கூடத்தில் அவள் அப்படி ஒரு அமைதியை அறிந்ததில்லை. பூட்டு மெல்லத் திரும்பும் இடத்துக்குக் கதை வந்தது.

"ஆரது? மைக்கில சொல்லச் சொல்லுங்கோ," என்றார் யோகலிங்கம்.

கஸ்பர் கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார்.

கவுன்சில் சஞ்சிகை வந்தபோது அதில் யோகலிங்கத்தின் படம் அரைப்பக்கத்துக்கு இருந்தது. வளாகத்தின் வரலாற்றில் இதற்குமுன் அரைப்பக்கம் கிடைத்ததில்லை. அவசரக் கூட்டம் கூடியது. பேய் இலக்கியத்தை வளாகம் எப்போதுமே ஆதரித்து வந்திருக்கிறது என்று தீர்மானம் நிறைவேறியது. சரோஜினி ரீச்சர் முன்மொழிந்தார்.

"கீழ்த்தட்டு இருக்கும் தங்கச்சி. நான் சொன்னால் சொன்னதுதான்," என்றார் தலைவர். "ஆனா இனி அது சும்மா கீழ்த்தட்டு இல்லை. பேயிலக்கிய ஆய்வுப் பிரிவு."

அலுமாரிக்கு மூன்று பூட்டுப் போடுவதென்றும், சாவிகள் தலைவரிடமும் செயலாளரிடமும் பண்பாட்டுப் பொறுப்பாளரிடமும் இருக்குமென்றும், புத்தகம் வேண்டிய பிள்ளை மூவருக்கும் விண்ணப்பிக்க வேண்டுமென்றும் முடிவாயிற்று. பேய் பாடத்திட்டத்தில் சேர்க்கப்படும். ஆண்டிறுதித் தேர்வில் அதற்குப் புள்ளியுண்டு. ரீச்சர் மாதிரி வினா ஒன்றை வாசித்துக் காட்டினார்: "மோகினியின் நற்பண்புகள் ஐந்தினை எழுதுக."

"இது நல்லதுதானே, ஏன் பேசாமல் இருக்கிறீர்?" என்று கஸ்பர் தயாளினியிடம் கேட்டார்.

"ஓம் அண்ணை, நல்லது," என்றாள் தயாளினி.

பூட்டுகள் வந்து சேர்வதற்கு முந்திய சனிக்கிழமை அவள் சந்தைக்குக் கொண்டுபோகும் சக்கரப் பையோடு வளாகத்துக்கு வந்தாள். கீழ்த்தட்டு காலியாகும்வரை கோசிகா ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தர, அவள் பைக்குள் அடுக்கினாள். வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கிழமை ஆய்வுப் பிரிவின் திறப்பு விழா நடந்தது. நாடா வெட்டினார்கள், விளக்கேற்றினார்கள், அலுமாரிக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். உரைகள் நீண்டுவிட்டதால் கதவைத் திறக்க நேரம் இருக்கவில்லை.

மண்டபம் அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் கிடைத்தது. ஜனட் பின்னர் ஓய்வுபெற்றுக் கடற்கரைப் பக்கம் ஒரு ஊருக்குப் போய்விட்டார். கஸ்பர் லூயிஷாமில் வீடு வாங்கிப் போய் அங்கே வேறொரு வளாகத்துக்குச் செயலாளரானார். பொன்னாடைப் பயணப்பையை வைத்துவிட்டுப் போகச் சொன்னதில் சின்ன மனத்தாங்கல் ஏற்பட்டது. சரோஜினி ரீச்சர் பேய்ப் பாடத்துக்கு இப்போதும் வினாத்தாள் தயாரிக்கிறார். பிள்ளைகள் விடைகளைப் பாடமாக்கி எழுதி நல்ல புள்ளி எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பேய்ப் பயம் அறவே போய்விட்டது. யோகலிங்கம் தலைவராக இருக்கிறார். கோசிகா அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போகவில்லை. அவளுடைய கூட்டாளிகள் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவளுடைய பிளேஸ்டோ வீட்டு மாடிப்படிகளில் வந்து குந்தியிருந்து கதை கேட்டார்கள். பெரியவர்களாகிப் பிரிந்துபோகும் வரைக்கும் வந்தார்கள். அவள் இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். தயாளினி சலவைக் கடையில்தான் இருக்கிறாள், வீட்டுக்கு வந்தால் வாசிக்கிறாள். பேயிலக்கிய ஆய்வுப் பிரிவுக்கு ஒவ்வொரு ஹலோவீனுக்கும் மாலை போடுகிறார்கள். மூன்று சாவியும் ஒரே நாளில் ஒன்றுசேராததால் அலுமாரியை இதுவரை ஒருவரும் திறக்கவில்லை.